பழவேற்காடும் நம் கைலியும்

பட்டு நெய்யும் ஊரில் வாழ்ந்தும் பட்டு உடுத்தாதவர்கள் நம் ஆடவர்கள். ஆண்களுக்குப் பட்டு விலக்கப்பட்டது என்பது மார்க்கம் அறிந்த எவருக்கும் தெரியும். சேவூரில் தெருவுக்குத் தெரு தறியோசை கேட்கும். அவ்வோசையின் நடுவே நாம் பள்ளிவாசலுக்கு நடப்பதோ கட்டம் போட்ட பருத்திக் கைலியில்.

அந்தக் கைலிக்கு இலங்கையில் ‘பளையகாட்’ சாரம் என்று பெயர். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அதனைக் ‘காயின் பெலிக்காட்’ என்பர். அங்குள்ள நம் சகோதரர்கள் தொழுகைக்கு விரும்பி அணியும் ஆடை அது. கடல் கடந்த அந்நாடுகளிலெல்லாம் நாள்தோறும் உச்சரிக்கப்படுவது தமிழ்நாட்டின் ஏரிக்கரைச் சிற்றூர் ஒன்றின் பெயர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவ்வூரே பழவேற்காடு. ஐரோப்பியர் நாவில் அது ‘புலிகாட்’ ஆயிற்று.

சென்னைக்கு வடக்கே, பொன்னேரி வழியாக ஏறத்தாழ 55 கிலோமீட்டர் சென்றால் அவ்வூரை அடையலாம். ஏரி என்கிறோமேயன்றி, உண்மையில் அது கடலோடு கலந்த உவர்நீர்ப் பரப்பு. இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாகப் பெரியது. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. அதில் வந்து விழும் ஆறுகளுள் ஒன்றின் பெயர் ஆரணியாறு. பெயரைக் கேட்டதும் நம் ஊர்த் தண்ணீரும் அங்கே போய்ச் சேர்கிறது என்று மகிழ்ந்துவிடலாகாது. அது சித்தூர்ப் பக்கத்தில் தோன்றி ஊத்துக்கோட்டை வழியே வரும் வேறோர் ஆறு. நம்முடைய கமண்டல நாகநதியோ செய்யாற்றைச் சேர்ந்து பாலாற்றுக்குப் போகிறது.

பழவேற்காட்டு முஸ்லிம்களின் முன்னோர் அரபகத்திலிருந்து கப்பலேறி வந்தோர் என்பது வழிவழிச் செய்தி. ஐரோப்பியர் எழுதி வைத்ததைக் கேட்போருக்குப் பார்போசா என்னும் போர்த்துகீசியர் இருக்கிறார். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முஸ்லிம்களும் இந்துக்களும் பெருவாணிபம் செய்யும் துறைமுகமாக அவர் இவ்வூரைக் கண்டார். பெகுவிலிருந்து மாணிக்கக் கற்கள் இங்கே வந்தன. இங்கிருந்து பருத்தித் துணிகள் மலாக்காவுக்கும் சுமத்திராவுக்கும் சென்றன.

டச்சுக்காரர்கள் வந்ததும் அந்தத் துணிக்காகத்தான். கிராம்பும் சாதிக்காயும் விளைந்த தீவுகளில் மக்கள் அவற்றிற்கு மாற்றாக விரும்பி ஏற்றது சோழமண்டலக் கரையின் துணியை. சாயவேரால் ஏற்றிய அதன் சிவப்பு அத்தனை பெயர் பெற்றிருந்தது. விசயநகர மன்னர் வேங்கடபதியின் இசைவுடன் 1610இல் பழவேற்காட்டில் இடம்பிடித்தவர்கள், 1613இல் கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய ஆட்சிப்பீடம் இதுவே. பஞ்ச காலங்களில் வயிற்றுக்கில்லாத மக்களை விலைக்கு வாங்கி, அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு ஏற்றி அனுப்பியதும் இக்கரையிலிருந்துதான். துணியின் பெருமையைப் பேசும்போது இதனை விட்டுவிடுதல் நேர்மையாகாது.

ஆங்கிலேயர் 1806இல் கோட்டையை இடித்தனர். 1825இல் ஊர் முற்றிலும் அவர்கள் கைக்குப் போயிற்று. இன்று கோட்டை இருந்த இடத்தில் எஞ்சியிருப்பது அகழியும் புதரும்தாம். எனினும் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நன்றாகவே இருக்கிறது. வாயிலில் எலும்புக்கூடுகள் இரண்டைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மரணத்தை நினைவூட்ட அவர்கள் கண்ட வழி அது. நமக்கு மண்மேடு ஒன்றே போதுமானதாக இருக்கிறது!

கல்லறைகளைவிட நம்மை ஈர்த்தது பள்ளிவாசலின் நிழற்கடிகாரம். வெயிலின் நிழல் விழும் கோட்டைப் பார்த்து லுஹரும் அஸரும் குறித்த காலத்தின் நினைவு அது.

குளிர்காலத்தில் சென்றால் பூநாரைகளைக் கூட்டங்கூட்டமாகக் காணலாம். ஏரிக்கும் கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்துதான், நம் அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய எஸ்.எல்.வி.3 ஏவப்பட்டது. 1979இல் அது கடலில் விழுந்தது. 1980இல் ரோகிணியை விண்ணில் சேர்த்தது.

இனி, நம் மனத்தை விட்டகலாத செய்திக்கு வருவோம். பழவேற்காட்டுத் துணி எனப்பட்டதெல்லாம் பழவேற்காட்டில் நெய்யப்பட்டதன்று. உள்நாட்டுச் சிற்றூர்கள் பலவற்றில் நெய்தவை அங்கே வந்து கப்பலேறின. கப்பலேற்றிய துறையின் பெயர் துணிக்கு நின்றது; நெய்த ஊர்களின் பெயர்கள் மறைந்தன. பின்னர்த் துறையும் தளர்ந்தது. இன்று கைலி வாங்க எவரும் பழவேற்காட்டுக்குப் போவதில்லை. குடியாத்தத்துக்கும் குறிஞ்சிப்பாடிக்குமே போகின்றனர். பழவேற்காட்டில் இன்று மீனும் இறாலுமே பிழைப்பு. கடலுக்கும் ஏரிக்கும் நடுவிலுள்ள முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிட்டால் அப்பிழைப்பும் தடுமாறுகிறது.

சேவூர்த் தறியிலிருந்து இறங்கும் சேலையும் கடைக்குப் போகையில் ஆரணிப் பட்டாகிவிடுகிறது. சேவூர் என்னும் சொல்லை எந்தக் கடைப் பலகையிலும் நாம் கண்டதில்லை. தறியில் உட்கார்ந்திருப்பவரிடம் இதைச் சொன்னால், “பெயரா சோறு போடுகிறது? கூலியைப் பற்றிப் பேசுங்கள் பாய்” என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நெய்த ஊரின் பெயர் தெரியாத இடத்தில், நெய்தவரின் கூலியைப் பற்றிக் கேட்க யார் வருவார்?

பழவேற்காட்டில் நம் பெண்கள் பனையோலையில் பெட்டி முடைகிறார்கள். சாயமேற்றிய ஓலையைக் கட்டம் கட்டமாகக் கோத்து அவர்கள் முடைவதைப் பார்த்தால் கைலியின் கட்டங்களே நினைவுக்கு வரும். விலை கேட்டோம். சென்னைக் கடையில் நாம் கேட்டிருந்த விலையில் பாதிகூட இல்லை. சொன்ன விலையைக் கொடுத்து இரண்டு வாங்கி வந்தோம்.