குடம் ஏந்திய கைகள்

கேளம்பாக்கத்தில் எங்கள் ஓலைவீடு பற்றியெரிந்த இரவில், தீயணைப்பு வண்டி வந்து சேருமுன்னரே அயலார் வரிசையாய் நின்று, குடங்களைக் கைமாற்றித் தீயை அணைத்தனர். சிறுவராயிருந்த எங்கள் இருவர் நெஞ்சில் நிலைத்ததோ, பிறகு வந்த அந்தச் சிவப்பு வண்டிதான்.

அண்மையில் தில்லி தேசிய இரயில் அருங்காட்சியகத்தில், நிசாம் அரசு இரயில்வேயிடம் இருந்த 1914-ஆம் ஆண்டின் ஜான் மோரிஸ் தீயணைப்பு வண்டியைக் கண்டோம். ஊர் திரும்பியதும் இருபதில் ஒரு பங்கு அளவில் அதன் மாதிரியைச் செய்தோம். காற்றடைக்காத கெட்டி ரப்பர்ச் சக்கரங்களும் அளவு பிசகாமல் அமைந்தன.

அம்மா தடவிப் பார்த்தார். “எல்லாம் சரிதானப்பா, ஆட்களைக் காணோமே?” என்றார்.

நாணினோம். அன்று குடம் சுமந்தவருள் ஒருவர் பெயரையும் நாங்கள் கேட்டுவைக்கவில்லை. இப்போது அம்மா பெயர் பெயராய்ச் சொல்ல, மர உருவங்களைச் செதுக்கி வருகிறோம். அவர்கள் கைகளில் குடங்கள் இருக்கின்றன.