'நெக்ஸ்ட் ஃப்ரைடே' என்றால் எந்த வெள்ளி?

'புதன்கிழமை மீட்டிங் டூ டேஸ் மூவ்டு ஃபார்வர்டு' என்று ஆபீஸ் குரூப்பில் மெசேஜ் வருகிறது. மீட்டிங் திங்களா, வெள்ளியா?

இரண்டுமே சரிதான். லெரா போரோடிட்ஸ்கி, மைக்கேல் ராம்ஸ்கார் என்ற ஆய்வாளர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் இதே கேள்வியை விமான நிலையத்தில் கேட்டார்கள். யாரையோ அழைத்துப்போகக் காத்திருந்தவர்களைவிட, அப்போதுதான் பறந்து வந்து இறங்கியவர்கள் 'வெள்ளி' என்று சொன்னது அதிகம்! அந்த வகையில் நம்மூர் 'ப்ரீபோன்' எவ்வளவோ தேவலை. வெளிநாட்டுக்காரர்கள் முகம் சுளித்தாலும் அர்த்தத்தில் குழப்பம் கிடையாது.

மீட்டிங் போனால் போகட்டும். முதல் வேலைக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் பெண்ணுக்கு செவ்வாயன்று போன் வருகிறது என்று வையுங்கள். 'இன்டர்வியூ நெக்ஸ்ட் ஃப்ரைடே, டென் ஓ க்ளாக்.' மூன்று நாளில் வரும் வெள்ளியா, அதற்கடுத்த வாரமா? திரும்பக் கேட்டால் 'இந்த இங்கிலீஷ்கூடத் தெரியாதா' என்று நினைப்பார்களோ என்ற பயத்தில் 'ஓகே சார்' என்று வைத்துவிடுவார். தவறான வெள்ளியில் போய் நின்றால், நாற்காலி வேறொருவருக்கு.

அந்தப் பயம்தான் அநியாயம். இங்கிலீஷே தாய்மொழியாக இருப்பவர்களுக்கும் இதில் ஒருமித்த கருத்து இல்லை. இந்த வாரத்து வெள்ளி 'திஸ் ஃப்ரைடே', அதற்கடுத்ததே 'நெக்ஸ்ட்' என்பார்கள் சிலர். முதலில் வருவதுதானே நெக்ஸ்ட் என்பார்கள் வேறு சிலர். பிரிட்டனில் 'ஃப்ரைடே வீக்' என்று ஒன்று உண்டு. வரும் வெள்ளியிலிருந்து ஒரு வாரம் கழித்து என்று அர்த்தம். தமிழில் 'வர்ற வெள்ளி' தெளிவு. 'அடுத்த வெள்ளி' என்றால் நாமும் தடுமாறுவோம்.

'என்ன தேதி சார்?' என்று கேட்க மூன்று விநாடிகூட ஆகாது. இன்டர்வியூவுக்குக் கூப்பிடுகிறவர்கள் தேதியைத் தாங்களே சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.