ஐயாற்றங்கரையில் ஒரு கேள்வி

கொல்லி மலையில் ஆகாய கங்கை என்னும் அருவியாய் வீழும் ஐயாறு, பாறைகளினூடே இறங்கி வந்து அடிவாரத்தைத் தொடும் இடம் புளியஞ்சோலை. திருச்சி மாவட்டத்துத் துறையூர்ப் பகுதியிலுள்ள அச்சிற்றூருக்கு, நாம் ஓதிக்கொடுக்கும் மத்ரஸாவின் மாணவர்களை ஆண்டுக்கொருமுறை அழைத்துச் செல்வது வழக்கம். லுஹர் தொழுது, கொண்டுபோன சோற்றைப் பகிர்ந்துண்ட பின், மலையைச் சுட்டிக்காட்டி வல்வில் ஓரியின் கதையைச் சொல்வோம். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்திய வள்ளல் இம்மலைக்குரியவன் என்று, நேரில் கண்டவர் போலவே சொல்வோம்.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு சொல்லி முடித்ததும் ஒரு மாணவன் எழுந்தான். "ஹஜ்ரத், இதற்கு ஸனது என்ன?" என்றான்.

ஒரு செய்தியை யார் சொன்னார், அவர் யாரிடமிருந்து கேட்டார், அவர் நம்பத்தக்கவரா என்று வினவாமல் ஏற்கலாகாது என்பதை அந்த வாரந்தான் ஹதீஸ் கலைப் பாடத்தில் கற்பித்திருந்தோம். ஆயினும் பலர் முன்னிலையில் அக்கேள்வி நம்மீதே திரும்பியபோது பொறுக்கவில்லை. "அதபோடு உட்கார்" என்று அதட்டிவிட்டோம். ஊர் திரும்பும் வரை அவன் நம் பக்கம் பார்க்கவேயில்லை.

வீடு சேர்ந்ததும் புறநானூற்றை எடுத்துப் பார்த்தோம். அச்செய்தி வன்பரணரின் பாட்டிலுள்ளது. ஆனால், காட்டில் தாம் கண்ட வேட்டுவன் ஒருவனை வருணிக்கும் அப்புலவர், இவன் ஓரிதானோ, வேறு எவனோ என்று தாமே ஐயுறுகிறார். புலவர் ஐயத்தோடு சொன்னதை நாம் ஐயமின்றிச் சொல்லி வந்திருக்கிறோம்! அகநானூற்றில் கல்லாடனாரோ, முள்ளூர் மன்னன் காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரர்க்கு ஈந்த செய்தியைக் குறிக்கிறார். வெவ்வேறு புலவர் ஓரியைக் கொல்லியோடு இணைப்பதால், அத்தலைவன் இருந்தான் என்பது வலுப்பெறுகிறது. ஓர் அம்பில் ஐந்து விலங்கு வீழ்ந்தது புலவரின் புகழுரையாகவே நிற்கிறது.

இவ்வாறு பிரித்தறிவதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர் கல்லிடைக்குறிச்சியில் 1892இல் பிறந்த கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார். திருநெல்வேலி, காசி, சிதம்பரம் எனப் பல ஊர்களில் ஆசிரியப் பணி செய்தார். 1929இல் நம் திருச்சி தேசியக் கல்லூரியிலும் சிறிது காலம் கற்பித்தார். அதே ஆண்டில் சென்னைப் பல்கலைக் கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராகி 1946 வரை அப்பதவியில் இருந்தார். பாண்டிய நாட்டைப் பற்றி 1929இலும், சோழரைப் பற்றி 1935, 1937 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாகவும் அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல்கள் கல்வெட்டையும் செப்பேட்டையும் இலக்கியத்தையும் சாட்சிகளாக நிறுத்தியவை. பழந்தமிழ் நூல்களைப் பொருள்கொள்ள அவர் எஸ். வையாபுரிப் பிள்ளையின் துணையை நாடினார் என்பதைப் பின்வந்தோர் ஒரு குறையாகச் சொல்வதுண்டு. தாம் அறியாததை அறிந்தவரிடம் கேட்டது நமக்குக் குறையாகத் தோன்றவில்லை.

அவருடைய உழைப்பில் நம்மை மிகவும் ஈர்ப்பது 1939இல் வெளிவந்த தொகுப்பு நூலாகும். கிரேக்கர் மெகஸ்தனீஸ் முதல் சீனத்து மா ஹுவான் வரை, தென்னாட்டைப் பற்றி அயலார் எழுதிய குறிப்புகளை அதில் திரட்டித் தந்தார். மூலச் சான்றுகளை மாணவர் கையிலேயே கொடுத்து, நீங்களே பாருங்கள் என்று சொல்வதற்கு ஆசிரியருக்குத் துணிவு வேண்டும். இப்னு பதூதா போன்ற நம் யாத்திரிகர்களும் அதில் இடம்பெற்றனர். அதே பல்கலைக் கழகத்தில் அரபுத் துறையில் பணியாற்றிய முஹம்மது ஹுசைன் நயினார் அவர்கள், அரபுப் புவியியலாளர் தென்னிந்தியாவைப் பற்றி அறிந்திருந்தவற்றை ஆராய்ந்து 1942இல் நூலாக்கினார். மத்ரஸாவில் நாம் ஓதும் மொழி இந்நாட்டு வரலாற்றுக்கும் ஒரு திறவுகோல் என்பதை அந்நூல் உணர்த்துகிறது.

மறுநாள் வகுப்பில் அம்மாணவனை அழைத்து, எல்லோர் முன்னிலையிலும் "தம்பி, நீ கேட்டதே சரி, அதட்டியது நம் பிழை" என்றோம். இரு பாட்டுகளையும் எடுத்து வைத்து, எது எவ்வளவு தாங்கும் என்று விளக்கினோம். அவன் முகம் தெளிந்தது. சற்று யோசித்துவிட்டு, "கல்லாடனாருக்கு யார் சொன்னார், ஹஜ்ரத்?" என்றான்.

மாலிக் இமாம் அவர்கள் தம்மிடம் வந்த வினாக்கள் பலவற்றுக்கு 'லா அத்ரீ', அறியேன், என்றே விடையளித்தார்கள் என்பதை நாம் எத்தனையோ முறை ஓதிக்கொடுத்திருக்கிறோம். அச்சொல்லை நம் வாயால் மாணவர் முன் சொன்னது அன்றுதான் முதன்முறை. இப்போதும் ஆண்டுதோறும் புளியஞ்சோலைக்குச் செல்கிறோம். ஓரியின் கதையையும் சொல்கிறோம். புலவரின் ஐயத்தோடு சேர்த்தே சொல்கிறோம்.