மலையில் மனந்திரும்புதல்

நார்வே நாட்டில் மலைப்பயணம் மேற்கொள்வோர்க்கென ஒன்பது விதிகள் உண்டு. 1967ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் மலைகளில் பலர் உயிரிழந்த பின்னர் நாடெங்கும் பரப்பப்பட்டவை அவை. 2016இல் திருத்தி எழுதப்பட்டன. திட்டமிடு, செல்லும் இடத்தைச் சொல்லிவிட்டுப் போ, வானிலையை மதித்து நட என்பன போன்ற எளிய அறிவுரைகள்தாம். அவற்றுள் எட்டாவது விதி மட்டும் மலையைத் தாண்டி அன்றாடப் பேச்சிலும் கலந்துவிட்டது. காலத்தோடு திரும்பிவிட வேண்டும், திரும்புவதில் இழிவு ஏதும் இல்லை என்பது அதன் சாரம்.

இவ்விதியில் வரும் 'வென்னே' என்ற வினைக்குத் திரும்புதல் என்று பொருள். நார்வீஜிய மொழியில் சமயம் சார்ந்த மனமாற்றத்தைக் குறிக்கும் 'ஓம்வென்னெல்சே' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து பிறந்ததே. கிரேக்கத்தில் இக்கருத்தைக் குறிக்கும் 'மெட்டனோயா' மனம் மாறுவதைச் சொல்கிறது. எபிரேயத்தின் 'ஷூவ்' வந்த வழியே திரும்புவதைச் சொல்கிறது. தமிழ் விவிலியத்தின் 'மனந்திரும்புதல்' இவ்விரண்டையும் ஒரே சொல்லில் ஏந்தி நிற்கிறது. எழுபதாவது அட்சரேகைக்கு அருகே, வட நார்வேயின் கிறித்தவ மக்கள் உயர்பள்ளிகளில் ஓராண்டு தங்கி மலையையும் பனியையும் பயிலும் இளைஞர்களின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள இச்சொல்லே நல்ல வாயில்.

மக்கள் உயர்பள்ளி என்னும் அமைப்பு டென்மார்க்கில் தோன்றியது. பாதிரியாரும் பாடலாசிரியருமான கிருண்ட்விக் (1783–1872), இலத்தீன் இலக்கணத்தை மனப்பாடம் செய்வித்துத் தேர்வு நடத்திய அக்காலப் பள்ளிகளைச் சாவுக்கான பள்ளிகள் என்று சாடினார். உழவர் வீட்டுப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் ஆசிரியர்களோடு தங்கி, உரையாடியும் பாடியும் கற்கும் வாழ்வுக்கான பள்ளியை அவர் கனவு கண்டார். முதற்பள்ளி 1844இல் ரோடிங் என்னும் ஊரில் எழுந்தது. நார்வேயின் முதற்பள்ளியான சாகாதுன் 1864இல் ஹாமர் நகரில் தொடங்கியது. இன்று அந்நாட்டில் ஏறத்தாழ 80 பள்ளிகள் உள்ளன. அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிறித்தவ அமைப்புகளுக்கு உரியவை. இப்பள்ளிகளுக்கெனத் தனிச்சட்டமே உண்டு. தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. ஆயினும் அரசு நிதி உண்டு.

கிறித்தவப் பள்ளிகளின் குருதியில் வேறொரு மரபும் ஓடுகிறது. ஹான்ஸ் நீல்சன் ஹௌகே (1771–1824) என்னும் உழவர் மகன் நார்வே முழுவதும் கால்நடையாகச் சென்று போதித்தார். திருச்சபையின் அனுமதியின்றிச் சமயக்கூட்டம் நடத்துவதைத் தடைசெய்த 1741ஆம் ஆண்டுச் சட்டத்தின் பேரில் அவர் பல ஆண்டுகள் சிறைப்பட்டார். அவர் எழுப்பிய இயக்கத்தில் மனந்திரும்புதல் என்பது வாழ்வில் ஒருமுறை, குறித்த நாளில், கண்ணீரோடு நிகழ்வது. கிருண்ட்விக்கின் வழியினரோ மனிதன் முதலில் மனிதனாகட்டும், கிறித்தவனாவது அதன் பின்னரே என்றனர். இவ்விரு சாராரும் நெடுங்காலம் ஒருவரையொருவர் ஐயத்தோடே நோக்கினர். ஹௌகேயின் வழியினர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமக்கெனப் பள்ளிகளைத் தொடங்கியபோது, எதிர்த்தரப்பின் பள்ளி வடிவத்தையே எடுத்துக்கொண்டனர் என்பது வரலாற்றின் குறும்பு.

இப்பள்ளிகளில் சேர எவரும் தம் நம்பிக்கையை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் பதினெட்டு, பத்தொன்பது வயதினர். பள்ளிப்படிப்பு முடிந்து, பல்கலைக்கழகம் தொடங்கும் முன் கிடைக்கும் ஓராண்டை இங்கே கழிக்கின்றனர். ஆகஸ்டில் வந்து மே மாதத்தில் பிரிகின்றனர். காலையில் ஒரு பாடல், சிறு தியான உரை, அன்றைய அறிவிப்புகள்; அதன் பின் வகுப்பு. சமையலறை முறை, கழிவறை தூய்மை முறை எல்லோருக்கும் உண்டு. இழுவை நாய்களை வளர்க்கும் பள்ளிகளில், மனிதர் உண்ணும் முன் நாய்களுக்கு உணவு போயிருக்க வேண்டும். நாயின் பாதத்தில் கட்டியிருக்கும் பனிக்கட்டியை வெறும் விரலால் எடுத்துவிடத் தெரியாதவர்க்கு வண்டியின் மேல் நிற்கும் தகுதி இல்லை. பருத்தி ஆடை நனைந்தால் கொல்லும், கம்பளி நனைந்தாலும் காக்கும் என்பது முதல் வாரப் பாடம்.

நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை அங்கே சூரியன் தொடுவானத்துக்கு மேல் எழுவதில்லை. நண்பகலில் சில மணிநேரம் நீலநிற மங்கலொளி பரவி மறையும். உள்நாட்டுப் பீடபூமியில் குளிர் இன்னும் கடுமை. 1886ஆம் ஆண்டின் முதல் நாளில் காரஷோக் ஊரில் உறைநிலைக்குக் கீழே 51.4 டிகிரி பதிவாயிற்று. இத்தகைய இருளில் நாற்பது, ஐம்பது பேர் ஒரே உணவுக்கூடத்தில் நாள்தோறும் முகம் பார்த்து வாழ்வதே மலையேற்றத்தைவிடக் கடினமான பயிற்சி. கோபித்துக்கொண்டு போய்விட வேறு இடமில்லை. மாலையில் சண்டையிட்டவனோடு மறுநாள் ஒரே பனிக்குழி தோண்ட வேண்டும். மன்னிப்பு என்பது அங்கே இறையியல் தலைப்பு மட்டுமன்று. இரவு உறங்குவதற்கான ஏற்பாடும் ஆகும்.

பனி பயிற்றுவிக்கும் முதன்மையான பாடம் பனிச்சரிவு. முப்பது பாகைக்கு மேற்பட்ட சரிவுகளே பெரும்பாலும் இடிந்து வீழ்கின்றன. பனிச்சரிவில் சிக்குவோரில் பெரும்பான்மையினர் தாமோ தம் குழுவினரோ கிளப்பிய சரிவிலேயே சிக்குகின்றனர். புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு பதினைந்து நிமிடங்களுக்குள் வேகமாகக் குறைந்துவிடும். எனவே ஒவ்வொருவரும் உடலில் சமிக்ஞைக் கருவியும், பையில் துழாவுகோலும் மண்வெட்டியும் சுமக்கின்றனர். ஆயினும் ஆசிரியர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது கருவியைப் பற்றியன்று. புறப்படும் முன்பே திரும்பும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். சிகரம் கண்ணுக்கெதிரே நின்றாலும் அந்நேரம் வந்தால் திரும்ப வேண்டும். குழுவின் வேகத்தை முடிவு செய்பவர் மிக மெதுவாக நடப்பவரே. காலுறை நனைந்துவிட்டது என்று கூச்சமின்றிச் சொல்ல முடியாத குழு ஆபத்தான குழு.

இதன் மறுபக்கத்தை அந்நாடு தன் வரலாற்றிலேயே கண்டது. 1986 மார்ச் 5ஆம் நாள், நார்விக் நகருக்கு அருகே வாஸ்தாலன் பள்ளத்தாக்கில் நேட்டோ படைப்பயிற்சியின்போது பனிச்சரிவில் 16 இளம் நார்வே வீரர்கள் மாண்டனர். சரிவு அபாயம் பற்றிய எச்சரிக்கைகள் இருந்தன. ஆனால் முன்னேறு என்னும் ஆணை மேலிருந்து வந்திருந்தது. அவ்வீரர்கள் உயர்பள்ளி மாணவர்களின் வயதினர். நடந்ததும் இதே பனி மேல்தான். ஆனால் திரும்பலாம் என்று சொல்லும் உரிமை அவர்கள் கையில் இல்லை.

ஹௌகேயின் வழிவந்த பள்ளியில் இவ்விதி கற்பிக்கப்படும்போது பழைய சொல் ஒன்று புதுப்பொருள் கொள்கிறது. வாழ்வில் ஒருமுறை, பெரும் அதிர்வோடு நிகழ வேண்டிய மனந்திரும்புதல், வாரந்தோறும் பழகும் உடற்பழக்கமாகிறது. செவ்வாயன்று காற்று வலுத்ததால் திரும்பினர். வெள்ளியன்று ஒருத்திக்குக் காய்ச்சல், திரும்பினர். எவரும் அழவில்லை, எவரும் சாட்சி கூறவில்லை. சமையலறையில் சூப் சூடாக இருந்தது. பாவத்திலிருந்து திரும்புவதும் மலையிலிருந்து திரும்புவதும் ஒன்றல்ல என்று இறையியலார் எச்சரிக்கலாம், அது சரியே. ஆனால் தான் தவறான வழியில் நிற்பதை ஒப்புக்கொள்ளும் தசை ஒன்றுதான். அதைச் சிறிய பொருள்களில் பழகாதவர் பெரிய பொருளில் பயன்படுத்துவது அரிது.

பெரிய பொருள் அப்பள்ளிகளைச் சுற்றியே விரிந்து கிடக்கிறது. மாணவர்கள் வெற்றுவெளி என்று எண்ணும் அப்பீடபூமி சாமி மக்களின் கலைமான் மேய்ச்சல் நிலம். தரங்கம்பாடி வரலாறு அறிந்தோர்க்கு இக்கதையின் தொடக்கம் வியப்பளிக்கும். 1705இல் சீகன்பால்கைத் தமிழ் மண்ணுக்கு அனுப்பிய டென்மார்க்–நார்வே மன்னர் நான்காம் பிரெடெரிக், 1714இல் கோபன்ஹேகனில் நிறுவிய மறைபரப்புக் குழுவே தரங்கம்பாடிப் பணியையும் சாமி மக்களிடையே தாமஸ் ஃபான் வெஸ்டன் ஆற்றிய பணியையும் மேற்பார்த்தது. தரங்கம்பாடியில் தமிழ் அச்சேறியது. வடக்கே ஃபான் வெஸ்டனும் சாமி மொழியில் போதிக்க வேண்டும் என்றே வாதிட்டார். ஆனால் அவரே சாமி மக்களின் சடங்கு மேளங்களைத் திரட்டிச் சேர்த்தார். கோபன்ஹேகனுக்கு அனுப்பப்பட்ட மேளங்களில் பெரும்பகுதி 1728ஆம் ஆண்டின் பெருந்தீயில் அழிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் நூறாண்டுக்கு மேல் நார்வே அரசு சாமி குழந்தைகளை நார்வீஜியராக்கும் கொள்கையைக் கடைப்பிடித்தது. அதன் கருவி விடுதிப் பள்ளி; அதன் மொழி பெரும்பாலும் திருச்சபையின் மொழி. ஒரே கூரையின் கீழ் கற்றல் என்னும் அதே ஏற்பாடு ஒருவர்க்கு விடுதலையாகவும் இன்னொருவர்க்குத் தாய்மொழியைப் பறிப்பதாகவும் அமைந்தது.

அந்நாடும் மெல்லத் திரும்பத் தொடங்கியது. 1989இல் சாமி நாடாளுமன்றம் கூடியது. 1997இல் மன்னர் ஹரால்டு அங்கே மன்னிப்புக் கோரினார். 2023 ஜூன் முதல் நாளில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் தன் அறிக்கையை அளித்தது. 2024 நவம்பர் 12 அன்று நார்வே நாடாளுமன்றம் முறைப்படி மன்னிப்புக் கேட்டது. காலத்தோடு திரும்பியதாகச் சொல்ல முடியாது. இன்று மாணவர்கள் கற்கும் விதிகளில் இவ்வரலாற்றின் தடமும் உண்டு. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் 20 வரை நாய்கள் கட்டிலேயே இருக்க வேண்டும். கலைமான் ஈனும் பருவத்தில் மந்தையைக் கண்டால் பாதையை விட்டு விலக வேண்டும். பயணம் கெடுகிறதே என்று வருந்தும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு, இம்மலை தன் பயிற்சிக்களமாகும் முன்பே இன்னொருவரின் வேலையிடம் என்பது அப்போதுதான் உறைக்கிறது.

இவ்வாழ்க்கையை அப்படியே போற்றிவிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. தேர்வில்லாத ஓராண்டு என்பது செல்வ நாட்டின் வசதி. விடுதிக்கும் பயணத்துக்கும் பணம் வேண்டும். அரசு கல்விக்கடன் தருகிறது, பலரது பெற்றோரும் உதவுகின்றனர். திரும்பி வந்தவனுக்கு வேலை உண்டு, படிப்பு உண்டு. நெடுங்காலமாக உயர்கல்விச் சேர்க்கையில் இவ்வோராண்டுக்கே இரண்டு கூடுதல் புள்ளிகளும் உண்டு. திரும்புவதில் இழிவில்லை என்று சொல்வது இத்தகையோர்க்கு எளிது.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு மாணவர் நிலையோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். மூன்றாம் ஆண்டில் தன் ஆய்வுக்கேள்வியே பிழை என்று ஒருத்தி உணர்கிறாள் என்று கொள்வோம். தலைப்பை மாற்றக் குழு கூட வேண்டும். நெறியாளர் முகம் சுளிப்பார். உதவித்தொகையின் காலம் கரைந்துகொண்டிருக்கும். ஊரில் முதல் பட்டதாரி அவள் என்றால், இன்னும் முடிக்கவில்லையா என்னும் கேள்வி ஒவ்வொரு திருவிழாவிலும் காத்திருக்கும். அவளிடம் போய் மலை விதியை ஓதுவது கொடுமை. அவள் திரும்பாததற்குக் காரணம் துணிவின்மை அன்று. திரும்பினால் நுழைய ஒரு வாசல் இல்லை என்பதே. ஆகவே சரிவு இடியும் என்று தெரிந்தும் முன்னே நடக்கிறாள். ஆய்வேடு முடிகிறது; அதை எழுதியவளே அதை நம்புவதில்லை.

வடக்கின் அப்பள்ளிகள் தரும் பாடம் தனிமனிதரின் அடக்கத்தைப் பற்றியது என்று படித்தால் பாதிதான் கிடைக்கும். மாணவர்கள் எளிதாகத் திரும்புவதற்குக் காரணம் அவர்கள் நல்லவர்கள் என்பது மட்டுமன்று. முன்கூட்டியே குறிக்கப்பட்ட நேரம், பேசும் உரிமை பெற்ற கடைசி ஆள், தேர்வைக் கட்டாயமாக்காத சட்டம், அணையாத அடுப்பு ஆகியவை சேர்ந்தே அதை இயல்பாக்குகின்றன. நார்வே மலைகளின் தங்குகுடில்களில் ஒரு வழக்கம் உண்டு: புறப்படுபவர் அடுத்து வருபவருக்காக விறகு வெட்டி உள்ளே அடுக்கி வைத்துவிட்டே கதவைச் சாத்துவார். வரப்போகிறவர் சிகரம் தொட்டு வருகிறாரா, பாதியில் திரும்பி வருகிறாரா என்று அவ்விறகு கேட்பதில்லை. ஆய்வுத்துறைகளில் மூத்தோர் இளையோர்க்கு விட்டுச்செல்ல வேண்டியதும் அத்தகைய விறகே: தலைப்பு மாற்றத்தைத் தண்டனையாக்காத விதிமுறை, தோற்ற சோதனையையும் பேச இடம்தரும் கருத்தரங்கம், பிழை என்று சொன்னவளைக் கேலி செய்யாத ஓர் அறை. மனந்திரும்புமாறு மனிதரைக் கேட்கும் எந்தச் சமூகத்துக்கும், அவர்கள் திரும்பி வர ஓர் இடம் அமைக்கும் கடமையும் உண்டு.