நான்கு எண்களும் ஓர் ஓவியமும்

கணிதத்தோடு எனக்கிருந்த உறவு க.பொ.த. சாதாரண தரத்துடன் முடிவுற்றது. அதனைப் புதுப்பித்தவர் விஞ்ஞான பீடத்து நண்பரொருவர். ஓரிரவு விடுதி அறையில், தமது கணனித் திரையில் அவர் ஓர் ஓவியத்தைக் காட்டினார். புகையோ மெல்லிய துகிலோ எனத் துணியவியலாத வளைவுகள் இருளினின்று வெளிப்பட்டு, மடிந்து மடிந்து தம்முள்ளேயே புகுந்தன.

“யார் வரைந்தது?” என்றேன்.

“நான்கு எண்கள்” என்றார்.

பீற்றர் டி ஜொங் என்பாரின் பெயரால் வழங்கும் சார்பு அது. ஒரு புள்ளியின் ஆள்கூறுகளைச் சைன், கோசைன் ஆகியவற்றுட் செலுத்தினால் புதியதொரு புள்ளி கிடைக்கும். அதனையே மீளவும் செலுத்துதல் வேண்டும். இவ்வாறு பல இலட்சம் முறை. அடுத்த புள்ளி எங்கே வீழும் என்பதில் ஒழுங்கேதும் தென்படாது. மயிரிழை விலகித் தொடங்கிய இரு புள்ளிகளின் வழிகள் விரைவிலேயே முற்றாகப் பிரிந்துவிடும். ஆயினும், எங்கிருந்து தொடங்கினும் புள்ளிகள் யாவும் கூடித் தரும் உருவம் பெரும்பாலும் ஒன்றே! அன்றிரவு என்னை உறங்கவிடாதது இதுவே.

உருவத்தை மாற்றுவன சார்பிலுள்ள நான்கு எண்கள். 1.4, -2.3, 2.4, -2.1 என இட்டால் ஓர் உருவம். அவற்றுள் ஒன்றை மாற்றினால் வேறோர் உருவம். சிலவேளை எல்லாம் குலைந்து சில புள்ளிகளே எஞ்சும். ஓரிடத்தில் எத்தனை புள்ளிகள் வீழ்ந்தனவோ அதற்கேற்ப அவ்விடம் ஒளிபெறும். 1992இல் பிரக்டல் சுடர் என்னும் முறையை ஆக்கிய ஸ்கொட் டிரேவ்ஸ் அவ்வெண்ணிக்கையின் மடக்கையைக் கொண்டு ஒளியூட்டினார். அதனால் மங்கலான இழைகளும் கண்ணுக்குப் புலனாயின.

விடியுமுன் எனக்கும் ஓர் உருவம் வாய்த்தது. நனைந்த சிறகொன்றை யாரோ பாதி விரித்து வைத்தாற்போன்ற உருவம். படத்தைச் சேமித்தேன், எண்களைச் சேமிக்கவில்லை. பெரிதாக அச்சிட முனைந்தபோதே அப்பிழை விளங்கிற்று. சிறிய படமே கையிலிருந்தது. அதிலிருந்து எண்களை மீட்க நானறிந்த வழியில்லை. பல இரவுகள் தேடினேன்.

“நீர் வரையவில்லையே, நீர் இழந்ததென்ன?” என்றார் நண்பர்.

கேள்வி நியாயமானதே. ஆயினும், அன்றிரவு நூற்றுக்கு மேற்பட்ட உருவங்களைத் தள்ளி அவ்வொன்றில் கை நிறுத்தியவன் நானல்லவா? கணனிக்கு எல்லா உருவமும் சமம். ‘போதும்’ என்று சொல்ல அதற்குத் தெரியாது. இவ்விடையை அவர் ஏற்கவில்லை. நானும் முழுதாக ஏற்றேன் என்பதற்கில்லை.

சிறகு மீளவில்லை. தேடலில் வேறு சில அகப்பட்டன. அவற்றின் எண்கள் இப்போது என் தொல்காப்பிய விரிவுரைக் குறிப்பேட்டின் ஓரங்களில், சூத்திரங்களுக்குப் பக்கத்தில், நான்கு நான்காக நிற்கின்றன.