பால்மரம் இலையுதிர்க்கும் மாதத்தில்

கோலகங்சாருக்குப் போகிறவர்கள் உபுடியா பள்ளிவாசலின் பொன்னிறக் குவிமாடத்தைப் படம் பிடிப்பார்கள். ஆற்றங்கரையில் லக்சா சாப்பிடுவார்கள். சாயோங் கிராமத்தில் செய்யும் சுரைக்காய் வடிவக் கறுப்பு மண்சாடி ஒன்றை வாங்கிக்கொண்டு தைப்பிங்குக்கோ ஈப்போவுக்கோ கிளம்பிவிடுவார்கள். மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு கிழட்டு ரப்பர் மரத்தை நின்று பார்ப்பவர்கள் குறைவு. 1877இல் சிங்கப்பூர் வழியாக வந்து இவ்வூரில் நடப்பட்ட ஒன்பது கன்றுகளில் எஞ்சியிருப்பது அது ஒன்றுதான். நம்மில் பலருடைய பாட்டனும் பூட்டனும் கப்பலேறியதற்கு அந்த மரத்தின் வம்சம்தான் காரணம். ஒரு கும்பிடாவது போட்டுவிட்டு வரலாம்.

போவதென்றால் பிப்ரவரியில் போவது நல்லது. கோலகங்சாரிலிருந்து சுங்கை சிப்புட் பக்கம் போகும் சாலையில் இன்னும் மிஞ்சியிருக்கும் சிறுதோட்டங்களில் அப்போது மரங்கள் நிறம் மாறியிருக்கும். முதலில் மஞ்சள், பிறகு ஆரஞ்சு, கடைசியில் துருப்பிடித்த சிவப்பு. அடுத்த சில வாரங்களில் கிளைகள் மொட்டையாகி, தரையெல்லாம் சருகாகி, நடந்தால் அப்பளம் நொறுங்குவதுபோல் சத்தம் கேட்கும். பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடும். பச்சையாவதற்கு இன்னும் சில நாட்கள் பிடிக்கும். வெள்ளைக்காரத் தோட்டத் துரைகள் இதற்கு ‘விண்டரிங்’ என்று பெயர் வைத்தார்கள். உச்சி வெயிலில் வியர்வை வழிய நின்றுகொண்டு அதற்குக் குளிர்காலத்தின் பெயரைச் சூட்டியவர்களை என்ன சொல்வது! பால் வெட்டியவர்களுக்கோ அது கைச்செலவு சுருங்கும் காலம். தளிர் விடும்போது மரத்தில் பால் குறையும். பால் குறைந்தால் சம்பளமும் குறையும்.

இந்த வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் மூன்றாம் ஆண்டு ஆங்கில வகுப்பில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தேன். மொத்தம் பதினொரு பிள்ளைகள். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலாய். ஆங்கிலம் பெரும்பாலும் கைப்பேசிக் காணொளியில் கேட்பதோடு சரி. சுவரில் பழைய கைவேலை ஒன்று தொங்கியது. நீலத்தாளில் பஞ்சு ஒட்டிய பனிமனிதன். மூக்குக்கு ஆரஞ்சுத் தாள். இது என்ன என்று கேட்டதும் பதினொரு குரலில் “ஸ்னோமேன்!” என்று பதில் வந்தது. அதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள் என்றேன். “கோல்ட்” என்றாள் ஒருத்தி. “ஐஸ் கச்சாங்” என்றான் இன்னொருவன். அதற்குமேல் யாரிடமும் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

2018இல் கேம்பிரிட்ஜ் வெளியீடான ‘சூப்பர் மைண்ட்ஸ்’ முதலாம் ஆண்டுப் பாடநூலாக வந்தபோது, அதில் வரும் சூழல் நம் பிள்ளைகளுக்கு அந்நியமானது என்று ஒரு விவாதம் எழுந்தது நினைவிருக்கலாம். பனிமனிதனே கூடாது என்பது என் கட்சியல்ல. உலகில் பனி பெய்யும் ஊர்கள் இருப்பதைப் பிள்ளை தெரிந்துகொள்ளட்டும். ஆனால் பஞ்சை ஒட்டி முடித்ததும் அதைப் பற்றிச் சொல்ல பிள்ளையிடம் சொந்தச் சரக்கு எதுவும் இல்லை. பருவம் என்றாலே இளவேனில், கோடை, இலையுதிர், பனி என நான்குதான் என்று நினைத்தால் நம் நாட்டில் பருவமே இல்லை என்றாகிவிடும். பால்மரம் இலையுதிர்ப்பதும் டுரியான் விழுவதும் பள்ளிக்கூடப் பின்வாசலில் நடப்பவை.

அன்று ஆசிரியை ஓர் அரிசிப் பை நிறைய ரப்பர் இலைகளைக் கொண்டுவந்து மேசைமேல் கொட்டினார். செய்யச் சொன்னது எளிய வேலைதான். இலையைக் குப்புற வைத்து, மேலே வெள்ளைத்தாளை விரித்து, கிரயானைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். நரம்பெல்லாம் தாளில் எழும்பி வரும். பிறகு அதை வெட்டி அட்டையில் ஒட்டி, கீழே இரண்டு வாக்கியம் எழுத வேண்டும்.

நான்கு பேர் உட்கார்ந்த மேசையில் பசை ஒன்று, கத்தரிக்கோல் ஒன்று, சிவப்புக் கிரயான் ஒன்று. பள்ளியில் சாமான் தட்டுப்பாடு என்று நினைத்தேன். அலமாரியில் பெட்டி நிறைய இருந்தது. “ஆளுக்கு ஒன்று கொடுத்தால் வாயே திறக்க மாட்டார்கள், சார். தலையைக் குனிந்து ஒட்டிக்கொண்டே இருப்பார்கள்” என்றார் ஆசிரியை. பக்கத்துப் பிள்ளையிடமிருந்து வாங்கவேண்டுமானால் “கேன் ஐ ஹேவ் த குளூ, ப்ளீஸ்?” என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். கொடுப்பவர் “ஹியர் யூ ஆர்” சொல்ல வேண்டும். அரை மணி நேரத்தில் அந்த வாக்கியம் எத்தனை முறை வந்தது என்று எண்ணத் தொடங்கி, முப்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன்.

நடுவில் ஒரு வழக்கு. ரப்பர் இலை ஒரே காம்பில் மூன்று இதழாகப் பிரிந்திருக்கும். “ஹவ் மெனி லீவ்ஸ்?” என்றார் ஆசிரியை. “த்ரீ” என்றது ஒரு மேசை. “நோ, ஒன்! ஒன் ஸ்டிக்!” என்றாள் எதிர் மேசைச் சிறுமி, காம்பைத் தூக்கிக் காட்டி. “பட் த்ரீ!” “பட் ஒன்!” என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்தது. தாவரவியல்படி சிறுமி சொன்னதுதான் சரி. அது மூன்று சிற்றிலைகள் கொண்ட ஒரே கூட்டிலை. ஆசிரியை உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. சண்டை ஆங்கிலத்தில் நடக்கிறதே, நடக்கட்டும் என்று கைகட்டி நின்றார்.

அட்டையில் பெரும்பாலோர் இலையின் நிறத்தையும் கண்டெடுத்த இடத்தையும் எழுதினார்கள். ஒரு பையன் மட்டும் எழுதி முடித்தும் உட்காராமல் நின்றான். அவன் பாட்டி பால் வெட்டியவராம். “டீச்சர், லீஃப் ஃபால், மை பாட்டி நோ மணி” என்றான். ஆசிரியை அவனைத் திருத்தவில்லை. “யெஸ். வென் த லீவ்ஸ் ஃபெல், யுவர் பாட்டி ஹேட் நோ மணி” என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். அவன் அதைக் கேட்டு, தலையாட்டி, இன்னொரு முறை சொன்னான். இந்த முறை ‘ஹேட்’ வந்தது. அந்த வாக்கியம் எந்தப் பாடநூலிலும் இல்லை. அவன் வீட்டிலிருந்து வந்தது.

எல்லாக் கைவேலையும் இப்படிப் பலிப்பதில்லை. சீனப் புத்தாண்டு முடிந்ததும் மிஞ்சும் அங்பாவ் உறைகளில் கூண்டுவிளக்கு செய்வது நன்றாக ஓடுகிறதாம். மடி, வெட்டு, திற என்ற வினைகள் கையோடு வந்துவிடும். நோன்புப் பெருநாளுக்குக் கெதுப்பாட் கூடு பின்னுவது ஒன்பது வயதுக்குக் கடினம். அதனால் வெறும் காகிதப் பாய் பின்னல். “ஓவர், அண்டர், ஓவர், அண்டர்” என்று வகுப்பே முணுமுணுக்கும். ரப்பர் கொட்டை விழும் காலத்தில் கொட்டைக்குக் காகிதக் கால் ஒட்டி வண்டு செய்வார்கள். அன்று முதல் பாடம் “டோன்ட் ஈட்”. பச்சைக் கொட்டையில் நஞ்சு உண்டு. தீபாவளிக்கு வண்ண அரிசிக் கோலம் பார்க்க அழகு. ஆனால் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அரிசி தூவுவதால் ஆங்கிலத்துக்கு அங்கே அதிகம் வேலை இல்லை. சுவருக்கு மட்டும் ஆதாயம்.

பெற்றோரில் சிலருக்கு இதில் குறை உண்டு. 2021இல் யூபிஎஸ்ஆர் தேர்வை எடுத்துவிட்ட பிறகும், பயிற்சித்தாள் எங்கே, வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தால் இலக்கணம் எப்போது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தேசியப் பள்ளியைவிடத் தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலத்துக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. அதில் பசை காயக் காத்திருப்பது சிலருக்கு உறுத்தும். ஆசிரியை எழுத்துப் பயிற்சியை விடவில்லை. மறுநாள் அதே அட்டைகளை வைத்து இறந்தகாலம் எழுதவைக்கிறார். இதே ஊர் மலாய்க் கல்லூரியில் 1954இல் ஆங்கிலம் கற்பிக்க வந்த அந்தோணி பர்ஜெஸ், பிறகு இவ்வூரையே வேறு பெயரில் நாவலாக்கினார். நம் பிள்ளைகள் நாவல் எழுத வேண்டாம். ஆறாம் ஆண்டு முடிவதற்குள் தங்கள் வீட்டைப் பற்றி ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசினால் போதும் என்கிறார் ஆசிரியை.

இலைக்குத்தான் பஞ்சம் வந்துகொண்டிருக்கிறது. பள்ளியைச் சுற்றி முன்பு பால்மரமாக இருந்த இடமெல்லாம் இப்போது செம்பனை. செம்பனை மொத்தமாக இலையுதிர்ப்பதில்லை. அதற்கு எல்லா மாதமும் ஒரே முகம். ஆசிரியை மோட்டார் சைக்கிளில் கொஞ்ச தூரம் போய், ஒரு மலாய்ச் சிறுதோட்டக்காரரிடம் கேட்டு இலை அள்ளி வருகிறார். குப்பையை அள்ளிக்கொண்டு போவதற்கு இந்த டீச்சர் அனுமதி கேட்கிறாரே என்று அவருக்குச் சிரிப்பாம்.

பால்மரமே இல்லாத கிள்ளானிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்களுக்குக் கெத்தாப்பாங் இருக்கிறது, நாம் நாட்டு வாதுமை என்போமே, அதுதான். பூங்காவிலும் கடற்கரையிலும் நிற்கும். அதன் இலையும் விழுமுன் நன்றாகச் சிவக்கும். உள்ளங்கையைவிடப் பெரியது, நரம்பும் தடிமன், கிரயான் தேய்க்க ரப்பர் இலையைவிடச் சுலபம். அதிகம் காய்ந்த சருகு நொறுங்கிவிடும். அன்று காலையில் விழுந்ததைப் பொறுக்குங்கள்.