கல்பேனியில் ஒரு பகல்

மதுரைக்காரருக்குத் தண்ணீர் என்பது வேடிக்கை பார்க்கும் பொருள். வைகையில் வெள்ளம் வந்துவிட்டால் வேலையைப் போட்டுவிட்டுப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்போம். மற்ற நாள்களில் மணலையும் ஆகாயத் தாமரையையும் பார்த்துப் பழகிய கண்கள் இவை. நாம் பிறந்து வளர்ந்தது மேலூருக்கு அருகே, பெரியாற்றுக் கால்வாய் பாயும் ஒரு சிற்றூரில். அங்கே சிறுவர்கள் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகுவார்கள். நமக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. பெரியப்பா மகன் ஒருவன் கண்மாய் மடையருகே மூழ்கி இறந்த ஆண்டிலிருந்து, முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கலாகாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அம்மா கண்மூடிய பிறகும் அச்சட்டத்தை நாம் மீறியதில்லை.

ஐம்பத்து மூன்றாம் வயதில் மீறினோம்.

1994ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்ற நண்பர்கள் நால்வர், வெள்ளி விழா ஆண்டில் எங்கேனும் சேர்ந்து சென்றுவர வேண்டும் என்று நெடுநாளாகப் பேசிவந்தோம். ஒருவருடைய தம்பி வெளிநாட்டில் இருக்கிறார். அவர் தம் செலவில் எங்களை லட்சத்தீவுக்கு அனுப்பிவைத்தார். 2019 பிப்ரவரியில் கொச்சியிலிருந்து கப்பல் ஏறினோம். அத்தீவுகளுக்குள் நுழைய முன்னனுமதி வேண்டும். அதற்கான தாள்கள் எல்லாம் சரியாகவே வந்து சேர்ந்தன. இரவெல்லாம் கப்பல் ஓடும். பகலில் ஒரு தீவருகே நிற்கும். மாலையில் மீண்டும் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். கல்பேனி, மினிக்காய், கவரத்தி ஆகிய மூன்று தீவுகளையும் கண்டோம். ஆயினும் இங்கே எழுத விரும்புவது கல்பேனியைப் பற்றி மட்டுமே.

எங்கள் நால்வருள் ஒருவர் கடற்கரைக்காரர். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், கேரள எல்லையை ஒட்டிய தூத்தூர்க் கரையில் பிறந்தவர். சுறா வேட்டைக்குப் பேர்போன கரை அது. வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிப்பவர்கள் அவ்வூர் மக்கள். பயணத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் முதலில் மறுத்துவிட்டார். “நீங்க போயிட்டு வாங்க. எனக்குக் கடல் என்ன புதுசா?” என்றார். “நீ இல்லாமல் என்னப்பா வெள்ளி விழா?” என்று நாம்தாம் வற்புறுத்தினோம். இரண்டு நாள் கழித்து, வருவதாகத் தொலைபேசியில் சொன்னார். நம் பேச்சுக்கு இணங்கினார் என்றே மகிழ்ந்தோம்.

வற்புறுத்தியிருக்கக் கூடாது என்பது கப்பலின் முதல் இரவிலேயே தெரிந்தது. மற்ற இருவரும் உறங்கிவிட்டனர். நாம் எழுந்து மேல்தளத்திற்குச் சென்றபோது, அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருட்டைப் பார்த்தபடி நின்றிருந்தார். 2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக் கரையை உலுக்கிய ஒக்கிப் புயல், பின்னர் இந்தக் கடலைக் கடந்தே லட்சத்தீவை நோக்கிச் சென்றது. எச்சரிக்கை வருமுன்பே கடலுக்குள் வெகுதூரம் போய்விட்டவர்கள் பலர். சிலருடைய படகுகள் நாள்கணக்கில் அலைக்கழிந்து லட்சத்தீவின் தீவுகளில் ஒதுங்கின. பலர் திரும்பவேயில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவ்வாறு திரும்பாதவர்களுள் நம் நண்பருடைய தங்கை மகனும் ஒருவன்; வயது இருபத்திரண்டு.

அந்த டிசம்பரில் நாம் அவ்வீட்டிற்குச் சென்றிருந்தோம். எங்கள் பங்கில் திரட்டிய அரிசியையும் துணிமணிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். வாசலில் அமர்ந்திருந்த அந்தத் தாயிடம் உயிர்ப்பின் நம்பிக்கையைப் பற்றி நெடுநேரம் பேசினோம். குருமடத்தில் கற்றவற்றுள் நமக்கு நன்றாக வரும் பொருள் அது. பேச்சின் நடுவே அவர் ஏதோ கேட்டார். அந்தக் கரையின் பேச்சு நமக்கு எளிதில் பிடிபடாது. பேசிவந்த வேகத்தில் நாமும் திரும்பக் கேட்கவில்லை. ‘ஆண்டவர் அறிவார்’ என்று சொல்லிவிட்டு மேலே தொடர்ந்தோம்.

காலையில் கல்பேனி தெரிந்தது. பவளத்திட்டுகளுக்கு இடையே பெரிய கப்பல் நுழைய முடியாதாகையால், அலையில் ஏறி இறங்கும் சிறு படகுகளில் தாவி இறங்க வேண்டும். அதற்கே நமக்குப் பாதி உயிர் போயிற்று. கரையில் இளநீர் தந்து வரவேற்றார்கள். கூமேல் என்னும் வளைந்த கடற்கரை; எதிரே திலாக்கம், பிட்டி என்னும் குட்டித் தீவுகள்; இடையில் பச்சைக் கண்ணாடிபோல் ஆழமற்ற கடல். தீவின் கிழக்குக் கரையோரம் பவளக் கற்கள் அணைபோல் குவிந்து கிடக்கின்றன. 1847ஆம் ஆண்டு வீசிய பெரும்புயல் வாரிக்கொட்டிய கற்கள் அவை என்றார்கள். அந்த ஒரே இரவில் இச்சிறு தீவில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம் நண்பர் அக்கற்களுள் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

பிறகு எல்லோரையும் கடலில் இறங்கச் சொன்னார்கள். மிதவைச் சட்டை, முகத்தை இறுக்கும் கண்ணாடி, வாயில் கவ்விக்கொள்ள ஸ்நார்க்கல் என்னும் வளைகுழாய். அங்கியின்றி நம்மைக் கண்டிராத பங்கு மக்கள், கடன் வாங்கிய அரைக்காற்சட்டையில் நம்மைக் காணாமற்போனது இறைவனின் பராமரிப்பே. நண்பர் மட்டும் தென்னை நிழலில் அமர்ந்துகொண்டார். நீந்தத் தெரியாத மூவர் நீருக்குள். மீனைப்போல் நீந்தத் தெரிந்த ஒருவர் கரையில்!

முகத்தை நீருக்குள் வைத்ததும் நாம் செய்த முதற்செயல் மூக்கால் மூச்சை இழுத்ததுதான். கண்ணாடி முகத்தோடு ஒட்டிக்கொண்டது, காற்று வரவில்லை, கண்மாய் மடை கண்முன் வந்தது. உதறிக்கொண்டு எழுந்தபோது உப்புநீர் தொண்டையில் எரிந்தது. வழிகாட்டியாக வந்த தீவு இளைஞனுக்கு இருபது வயது இருக்கலாம். “பேடிக்கேண்டா அச்சா” என்று சொல்லி நம் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டான். தூத்துக்குடிப் பக்கம் முத்துக்குளித்த காலத்தில், குளிப்பவரின் கயிற்றை மேலே படகில் பிடித்திருப்பவர் மைத்துனராகத்தான் இருக்க வேண்டும் என்பார்கள். தங்கை தாலியை நினைத்தாவது விடாமல் பிடிப்பார் அல்லவா! நம் கையைப் பிடித்தவனுக்கோ நம் ஊரும் தெரியாது, பேரும் தெரியாது. இரண்டாம் முறை முகத்தை வைத்தோம். வாயால் மூச்சு வந்தது. ஆலயத்து ஆர்மோனியத்தின் துருத்திபோல அந்த ஓசை காதுக்குள் ஏறி இறங்கிற்று. அதைத் தவிர உலகில் வேறு ஓசையில்லை.

முதலில் வெறும் மணல். பின்னர் தரை மறைந்து, மான்கொம்புகளும் மூளை மடிப்புகளும் விசிறிகளுமாகப் பவளங்கள் எழுந்தன. மஞ்சளும் கறுப்புமான மீன்கள், நம்மை ஒரு மரக்கட்டையாக எண்ணியவைபோல் விலகாமல் போயின. நாற்றுபோல் ஆடும் கடற்சாமந்தியின் இதழ்களுக்குள்ளிருந்து, விரல் நீளமுள்ள மீனொன்று வெளியே வந்து நம்மை எதிர்த்து நின்றது. நீலப்பச்சை நிறக் கிளிமீன் பவளத்தைக் கடிக்கும் ஓசை, முறுக்கைக் கடிப்பதுபோல் நீருக்குள் நன்றாகவே கேட்கிறது. அரைத்து விழுங்கிய கல்லை அது பின்புறமாக மணற்புகையாய் உதிர்க்கிறது. இத்தகைய தீவுகளின் வெண்மணலில் ஒரு பகுதி இப்படி வந்ததே என்று பிற்பாடு படித்தோம். நண்பர் ஒருவர் அம்மணலை ஒரு புட்டியில் நிரப்பி வந்து, தம் அறையில் பாடுபட்ட சுரூபத்தின் அருகே வைத்திருக்கிறார். அவரிடம் நாம் இதைச் சொல்லவில்லை. இந்த இதழைப் படித்தால் அறிந்துகொள்வார்.

சற்றுத் தள்ளி இளைஞன் காட்டிய இடம் வேறு. அங்கே பவளங்கள் சாம்பல் நிறத்தில், பாசி படர்ந்து கிடந்தன. பவளப் பூச்சியின் உடலுக்குள் நுண்ணிய பாசி உயிர்கள் குடியிருந்து அதற்கு உணவும் நிறமும் தருகின்றன. கடல்நீரின் சூடு வழக்கத்தைவிட ஓரிரு பாகை கூடிப் பல வாரம் நீடித்தால், அக்குடிகள் வெளியேற்றப்படுகின்றன, பவளம் வெளுத்துவிடுகிறது. சூடு தணிந்தால் பிழைக்கும், தணியாவிட்டால் இறந்துபோகும். லட்சத்தீவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு நேர்ந்தது. நாங்கள் வந்துசென்ற பின் 2024இல் மீண்டும் நேர்ந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘லவ்தாத்தோ சீ’ மடலில் பவளப்பாறைகள் அழிவதைப் பற்றிய பகுதி உண்டு. தியான உரைக்காக அம்மடலைப் படித்த நாம், சமவெளிக்காரருக்கு இது எதற்கு என்று அப்பகுதியை வேகமாகக் கடந்திருந்தோம்.

பகலுணவு சூரைமீன் குழம்பும் சோறும். பரிமாறிய பெரியவரிடம் நம் நண்பர் மலையாளத்தில் ஒக்கிப் புயலைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தார். அந்த நாளில் காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது, தென்னைகள் எப்படிச் சாய்ந்தன என்று அவர் கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். கன்னியாகுமரிப் பிள்ளைகளா என்று கேட்டுவிட்டு, நண்பரின் இலையில் கேளாமலேயே இன்னொரு துண்டு மீனை வைத்தார். நீரோட்டம் எவ்வழி என்று நண்பர் கேட்டார். பெரியவர் திட்டுக்கு அப்பால், கருநீலமாகத் தெரிந்த கடலைக் காட்டினார்.

பிற்பகலில் நண்பர் சட்டையைக் கழற்றினார். கண்ணாடியும் குழாயும் வேண்டாமென்று தள்ளிவிட்டு, வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு நீரில் இறங்கினார். எங்களைக் கடந்து, மிதவைக் கயிற்றையும் கடந்து, நீர் நிறம் மாறும் இடத்தை நோக்கி நீந்தினார். கரையில் இருந்தவர் ஊதலை ஊதினார். இளைஞன் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “அவர் கடல்காரர், திரும்பி வருவார்” என்றான். ஆயினும் நம் நெஞ்சு படபடத்தது. அங்கே போய் அவர் நீந்தவில்லை. கைகளை விரித்து மல்லாந்து மிதந்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. இரண்டு முறை மூழ்கி எழுந்தார். பின்பு திரும்பினார்.

கரையேறித் தலையைத் துவட்டிய அவரிடம், “இதற்குத்தான் வந்தாயா?” என்று கேட்டோம்.

“தங்கச்சி ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்கா. உங்கிட்டயும் கேட்டாளே, வீட்டுக்கு வந்தப்போ” என்றார்.

நமக்கு அப்போதுதான் நினைவு வந்தது. என்ன கேட்டார் என்று வினவ நாணமாக இருந்தது.

மாலையில் படகுத்துறையில், கைப்பேசியில் தொடர்பு கிடைக்கும் இடம் தேடி நண்பர் அங்குமிங்கும் நடந்தார். கப்பலுக்குச் செல்லும் கடைசிப் படகுக்காக நாங்கள் வரிசையில் நின்றோம். காற்றில் அவர் குரல் துண்டு துண்டாக வந்தது.

“இல்ல தங்கச்சி, குளிரல்ல. நான் இறங்கிப் பார்த்தேன். ஆழத்துக்குப் போயும் பார்த்தேன். குளிரவேயில்ல.”